தங்கையின் தோளில் என் பல்லி

காசு கொடுத்துப் பல்லி வாங்கினேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். என் அம்மா சிரிக்கவில்லை. தாராவியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு என்னைப் பார்க்க வந்தவள், கொண்டுவந்த தூக்குவாளியைக்கூடக் கீழே வைக்காமல் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“செவுத்துல சும்மா ஓடுதத துட்டு குடுத்து வாங்கினவ இந்த பம்பாயிலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப,” என்றாள். கொஞ்சம் கழித்து, “இது சொல்லுமா?” என்று கேட்டாள்.

பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கிறவள் அம்மா. “இது நம்ம பல்லி இல்லம்மா. எங்கயோ கடல் தாண்டி ஒரு தீவுல உள்ளது. சொன்னாலும் ஒனக்குப் பலன் தெரியாது,” என்றேன்.

அவன் என் உள்ளங்கை நீளம் இருப்பான். வாலைச் சேர்த்தால் இன்னும் ஒரு விரல். சுட்ட மண்சட்டியின் நிறம். கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முள் முள்ளாக ஒரு வரிசை. ஆனால் இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்வான். பூச்சி பிடித்துப் போட வேண்டியதில்லை. பழப்பொடி என்று விற்கிறார்கள், அதைத் தண்ணீரில் குழைத்து ஒரு மூடியில் வைத்தால் நக்கிக்கொள்வான். வாஷியில் வீட்டிலேயே இவற்றை வளர்த்து விற்கும் ஒரு பெண்ணிடம் வாங்கினேன். “சூடுதான் இவனுக்கு எமன். ரூமைக் குளுமையா வெச்சுக்கோங்க,” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் படுக்கையறையில் ஏசி உண்டு. ஆகவே அவன் படுக்கையறைக்காரன் ஆனான்.

நாயோ பூனையோ வாங்காமல் ஏன் பல்லி என்று நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டார்கள். தனியாக இருக்கிறேன், பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லை, இது சத்தம் போடாது என்றெல்லாம் சொன்னேன். அவையும் உண்மைதான். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. என் தங்கைக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும்.

அப்போது அவள் புனேயில் வேலையில் இருந்தாள். ஆனால் மாதம் ஒரு முறையாவது என் வீட்டுக்கு வருவாள். வந்துவிட்டுப் போகும்போது என்னுடையது ஏதாவது ஒன்று அவளுடையதாக மாறியிருக்கும். எடுத்துக்கொண்டு போகமாட்டாள். அப்படி எடுத்திருந்தால் சண்டை போடலாம். என் கட்டடத்துக் காவலாளி என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், அவளைப் பார்த்தால் சிரிப்பார். எதிர்வீட்டு மராத்தி அம்மாள் இத்தனை வருடத்தில் என்னிடம் பேசியதெல்லாம் செருப்பு அலமாரி வழியை அடைக்கிறது என்பது பற்றித்தான். தங்கை வந்த இரண்டாவது முறையே ஒரு தட்டு நிறையப் பூரண போளி கொடுத்தனுப்பினாள். நான் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சலித்துப்போன செம்பருத்தி, அவள் வந்திருந்த ஒரு மழைநாளில் பூத்தது. தாராவியில் ஒரே அறையில் நாங்கள் வளர்ந்தபோதும் இப்படித்தான். அப்பா வேலை முடிந்து வந்ததும் கூப்பிடுகிற பெயர் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எடுத்த அதே டீச்சர்கள் பிற்பாடு அம்மாவிடம், “சின்னவளோட அக்காதானே அவ?” என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் முன்னால் படித்தவள். இருந்தும் அவளுடைய அக்கா.

பல்லி ஒன்றில்தான் கணக்கு வேறாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழல்விளக்குக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று பல்லிகள் இருக்கும். ஒன்று அசைந்தால் போதும், அவள் கட்டில்மேல் ஏறி நின்று, “ஏக்கா! பல்லி!” என்று அலறுவாள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவேன். அந்த நேரத்தில் அப்பாவும் உதவமாட்டார், அம்மாவும் உதவமாட்டாள். நான்தான் வேண்டும்.

ஆகவே பல்லி வாங்கினேன். இந்த ஒன்றை அவள் தொடமாட்டாள் என்று நினைத்தேன்.

மார்ச் கடைசியில் அவளுடைய கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றாள். “ரெண்டு வாரம்க்கா. வேற வேலை கெடைச்சதும் போயிருவேன். அம்மாட்ட சொல்லாத,” என்றாள். நானும் சொல்லவில்லை. கம்பெனி வேலையை இங்கே இருந்தபடியே பார்ப்பதாக அம்மா நம்பினாள்.

படுக்கையறையில் அவனைப் பார்த்ததும் நான் எதிர்பார்த்தபடியே கத்தினாள். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பெட்டிமேல் துணி போடு என்று தங்கை கெஞ்சினாள். “அவனுக்கு வெளிச்சம் வேணும்ட்டி,” என்றேன். அந்த வெயில் காலத்தில் அவள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்து வேர்த்துக்கொண்டு கிடந்தாள். நான் ஏசி அறையில் என் பல்லியோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு பகல், நான் சயானில் வேலையில் இருந்தபோது செம்பூரில் மின்சாரம் போயிற்று. கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். மூடிய அறையில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாக மாறிவிடும். ரத்தம் எடுக்க ஒருவர் கையில் ஊசியைச் செருகியிருந்தேன். எடுத்து முடித்ததும் வெளியே ஓடி வந்து தங்கையைக் கூப்பிட்டேன்.

“ஏட்டி, அவனை வெளிய எடுக்கணும். காத்தாட கூடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்துல ஐஸ்பாட்டில் வை. பெட்டி கனம், தூக்க முடியாது. கையாலதான் எடுக்கணும்.”

“கையாலயா?” என்றாள்.

“செத்துருவான்ட்டி,” என்றேன். எனக்கே தெரியாமல் அழுதுவிட்டேன்.

“சரி. வையி,” என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மின்சாரம் வந்திருந்தது. அவள் கூடத்தில் தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை போர்வையைச் சுற்றியிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர் காய்ந்த கோடு. அவளுடைய இடது தோளில் அவன் நான்கு காலையும் பரப்பி, கன்னத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தான்.

“குதிச்சு வந்து ஏறிட்டான்க்கா. எறங்க மாட்டேங்கான்,” என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். “எவ்வளவு நேரமா இப்பிடியே இருக்கேன் தெரியுமா? மூச்சு வுடக்கூட பயமா இருக்கு.”

எனக்காக அவள் செய்த காரியம் அது. வாழ்நாள் முழுக்கப் பயந்த ஒன்றை, நான் அழுதேன் என்பதற்காகக் கையில் எடுத்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்ததோ அவனுடைய தலை. நான் வாங்கிக்கொண்டு வந்த நாள் முதல் அவன் என் கையில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. எடுத்தால் நெளிவான், விரலுக்கு விரல் தாவி, துள்ளிப் பெட்டிக்கே போய்விடுவான். அதுதான் அவன் சுபாவம் என்று நானும் விட்டிருந்தேன். இவள் தோளில் குட்டித்தூக்கம் போடுகிறான்.

“குடு,” என்று கையை நீட்டினேன். என் கையை மோந்து பார்த்துவிட்டு அவளுடைய கூந்தலுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவள் கூடத்தில் படுக்கவில்லை. ஏசி அறைக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே வேலை தேடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் திரும்பும்போது மடிக்கணினியின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஒரு பெயரும் வைத்தாள். நான் அதுவரை பெயர் வைத்திருக்கவில்லை, ‘அவன்’ என்றே போதுமாக இருந்தது. அவள் வைத்த பெயரை அம்மாகூடச் சொல்ல ஆரம்பித்தாள். நான் இன்றுவரை சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அவனுக்குத் தோல் உரிவது வழக்கம்தான். ஒருநாள் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல மங்கிக் கிடப்பான். விளக்கை அணைத்த பிறகு தானே உரித்து, உரித்த தோலைத் தானே தின்றுவிடுவான். விடிந்தால் புதிதாகச் சாயம் அடித்த மாதிரி இருப்பான். முதல் சில முறை அப்படியே நடந்தது. மே மாதத்தில்தான் பிசகியது. அதையும் முதலில் பார்த்தவள் அவள்.

“ஏக்கா, இவனுக்குக் கால் விரலெல்லாம் வெள்ளையா இருக்கே.”

“தோல் உரிச்சா அப்பிடித்தான் இருக்கும்,” என்றேன், டப்பாவில் சோற்றை அடைத்துக்கொண்டே.

“உரிச்சு நாளாச்சுல்லா? இன்னும் இருக்கே. செவுத்துல ஏறப் போனா வழுக்குதான்.”

“எனக்குத் தெரியாதா? எத்தன மாசமா வளக்கேன்?”

ரயிலைப் பிடிக்கப் போய்விட்டேன். ஆனால் வேலை செய்கையில் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வந்ததும் அவள் கவனிக்காத நேரம் பார்த்து, டார்ச்சை அடித்துக் கண்ணாடி வழியாக அவன் கால்களைப் பார்த்தேன். வலது பின்னங்காலில் ஒவ்வொரு விரலிலும் பழைய தோல் காய்ந்து மோதிரம்போலச் சுருண்டு இறுகியிருந்தது. ஒரு விரலின் நுனி உப்பி, கருஞ்சிவப்பாக இருந்தது. வால் நுனியிலும் கழற்றாத உறைபோல வெள்ளைத் தோல்.

ரத்தம் எடுக்கிறவள் நான். நாளெல்லாம் மனிதர்களின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுகிறேன். கட்டினால் என்ன ஆகும், அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நான் பார்க்கவில்லை. பல்லியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

பறவை, ஆமை, முயல் எல்லாம் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்தார். இளவயதுப் பெண். நான்தான் அவனை எடுத்துக்கொண்டு போனேன். தங்கை துணைக்கு வந்தாள். மேசைமேல் பெட்டியைத் திறந்ததும் அவன் நேராகத் தங்கையின் மணிக்கட்டில் ஏறிவிட்டான்.

“ஆப்கா பச்சா?” என்று டாக்டர் தங்கையைப் பார்த்துக் கேட்டார். உங்க பிள்ளையா என்று.

“நஹி, தீதி கா. நான் மாசி,” என்று அவள் இந்தியும் தமிழுமாகச் சொன்னாள். அக்கா பிள்ளை, நான் சித்தி என்று. டாக்டர் சிரித்தார். அவ்வளவுதான், டாக்டரும் அவள் பக்கம்.

அறையை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நான் பெருமையாகத்தான் சொன்னேன். ஏசி நிற்பதே இல்லை, பகலிலும் ஓடுகிறது, ஒரு நாள்கூடச் சூடு ஏறவிட்டதில்லை. டாக்டர் தலையசைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அதான் தோல் ஒட்டிக்கொண்டது,” என்றார். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். இவனுக்குக் குளுமையும் வேண்டும், ஈரமும் வேண்டும். நான் தினமும் ஒருமுறை தெளிக்கிற நான்கு சொட்டுத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுமாம். மழைக்காலத்தில் உள்பாவாடைகூடக் காயாத இந்த ஊரில், என் அறையில் ஒரு உயிருக்கு ஈரம் போதவில்லை.

பிறகு என் கையை எடுத்துப் பார்த்தார். “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்றார். சொன்னேன். “ஸ்பிரிட் வாசனை வருகிறது. அவனுக்கு மோப்பம் ஜாஸ்தி. தொடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கை ஈரமாகவே இருக்கட்டும்.”

அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அவனுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை, ஸ்பிரிட்டைத்தான் பிடிக்கவில்லை. ஆனால் வழியில் ஆட்டோவில் தங்கை, “நல்லவேளை, எங்கையில ஒண்ணும் வாசன இல்ல,” என்றாள். அவள் சும்மாதான் சொன்னாள். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சொல்லித்தந்த வைத்தியம் எளிது. மூடியில் துளை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஈரக் காகிதத்துண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது, கையில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அதில் அவனைக் கொஞ்ச நேரம் விட்டு, தோல் ஊறியதும் நனைத்த பஞ்சுக்குச்சியால் விரலின் அடியிலிருந்து நுனிக்கு மெல்ல உருட்ட வேண்டும். பிடித்து இழுக்கவே கூடாது. வரவில்லையென்றால் விட்டுவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும்.

முதல் நாள் நானே எல்லாம் செய்வேன் என்று உட்கார்ந்தேன். கையை மூன்று முறை கழுவினேன். டப்பாவிலிருந்து எடுத்ததும் அவன் நெளிந்தான், வாயைத் திறந்து நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டான். அவனுக்குச் சத்தம் வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பஞ்சுக்குச்சி விரலில் படுவதற்குள் துள்ளிவிட்டான். மறுபடி முயன்றேன், மறுபடியும் துள்ளினான். பச்சைக்குழந்தையின் கையில் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிறவள் நான்.

தங்கை கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும்வரை வரக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“வா. பிடி,” என்றேன் கடைசியில்.

அவள் உள்ளங்கையில் அவன் அடங்கினான். அவள் கட்டைவிரலை அவன் முதுகில் லேசாக வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தேன். ஊறிய தோல் முதலில் சுருங்கியது, பிறகு கையுறையின் நுனியைப்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வந்த விரல் அவ்வளவு சிறிதாக, அவ்வளவு இளஞ்சிவப்பாக இருந்தது. “வந்துட்டு! வந்துட்டு!” என்று தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று மாலை எங்களுக்குள் பழையது எதுவும் இல்லாத மாதிரி இருந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். உப்பியிருந்த விரலும் கறுக்காமல் பிழைத்தது. எல்லா விரல்களும் விட்டுவிட்டன, வால் நுனி மட்டும் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை தங்கை மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். அவளுடைய பழைய தோழி ஒருத்தி, வேலை விஷயமாக யாரையோ அறிமுகப்படுத்துகிறேன் என்று காப்பிக்குக் கூப்பிட்டிருந்தாள். சாயங்காலம் வந்துவிடுவேன், வந்ததும் வாலைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு அன்று அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து குளித்தேன். கையை முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. அவன் இலைக்கு அடியில் விழித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு நானும் அவனும் மட்டும் என்று தோன்றியது.

ஊறவைத்து எடுத்தபோது சாதுவாகவே இருந்தான். என் கையில், என் ஒருத்தியின் கையில், இருந்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்க வேண்டும். வால் நுனியில் உறை பாதி நகர்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம்தான் என்று விரலால் பிடித்தேன். கீழே தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் துள்ளினான். நான் விடவில்லை.

அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். அவன் வால் என் கையில் இருந்தது. தனியாக, முழுசாக, துடித்துத் துடித்து வளைந்துகொண்டிருந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவனைத் துண்டால் மூடி எடுத்துப் பெட்டியில் சேர்த்தேன். ரத்தம் ஒரு துளிதான். நம் வீட்டுப் பல்லிக்கு வால் போனால் முளைக்கும். இந்தச் சாதிக்கு முளைக்காது என்று வாஷிக்காரி முதல் நாளே சொல்லியிருந்தாள். வாலைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு தங்கை வரும்வரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்தாள். மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள், எனக்கும் சேர்த்து. சொன்னேன். அவள் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். பெட்டியில் மண்ணை எடுத்துவிட்டுச் சுத்தமான காகிதம் விரிக்க வேண்டும், சில நாள் தொடவே கூடாது, காயம் தானே மூடிக்கொள்ளும் என்று கேட்டுச் சொன்னாள். எல்லாம் நிதானமாகச் செய்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவள் திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீ இருந்திருந்தா விழுந்திருக்காது. அதான நினைக்க? சொல்லேன்.”

“ஆமா,” என்றாள். “விழுந்திருக்காது.”

“பாத்தியா.”

“நீதான கேட்ட? நான் வாரதுக்குள்ள ஒனக்கு என்ன அவசரம்?”

“என் பல்லி. எனக்கு எப்பத் தோணுதோ அப்பச் செய்வேன்.”

“ஒன் பல்லிதான். யாரு இல்லன்னா?”

“அவன் இல்லங்கான். நீ வந்த நாள்லருந்து எங்கிட்ட வாரதே இல்ல. எல்லாம் ஒங்கிட்டதான் வரும். அப்பாவும் அப்பிடித்தான், இந்த எதுத்தவீட்டுக்காரியும் அப்பிடித்தான். ஒரு பல்லி. ஒரு பல்லியக்கூட வச்சிக்க முடியலை எனக்கு.”

சொல்லிவிட்ட பிறகுதான் அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்று காதில் விழுந்தது. தங்கை பூப்பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். “சின்னப்பிள்ளையில பல்லின்னு நான் கத்துவேன்ல்லா?” என்றாள். “பாதி நாளு நெசமா பயந்துதான் கத்துவேன். மீதி நாளு அங்கன பல்லியே கெடையாது. நீ பொஸ்தகத்த வச்சிக்கிட்டு மூலைல ஒக்காந்திருப்ப, எங்கூடப் பேசமாட்ட. பல்லின்னா மட்டுந்தான் எந்திரிச்சு வருவ.”

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவும் செய்தது, ஆனால் பிற்பாடுதான். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: எனக்கென்று இருந்த ஒன்றே ஒன்றும், பல்லி வந்தால் நான்தான் வேண்டும் என்பதும், அவள் கொடுத்தது. அதையும் அவளே வைத்திருந்திருக்கிறாள்.

“தோசை ஊத்தவா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஊத்து,” என்றாள்.

ஜூனில் அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. மாட்டுங்காவில் காப்பி குடித்த அந்தச் சந்திப்பின் பலன். பழைய வேலை போன கதையை அன்றுதான் அம்மாவிடம் சொன்னாள். அம்மா திட்டிவிட்டு, திட்டியதற்காக அல்வா வாங்கி அனுப்பினாள். தங்கை பெட்டி கட்டுகிற ஒவ்வொரு நாளும் நான் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். அக்கா, இவனை நான் கொண்டுபோகட்டுமா என்று கேட்பாள். பெங்களூர் குளுமையான ஊர், அவனுக்கு ஏசியே வேண்டாம், அவனுக்கும் அவளைத்தான் பிடிக்கும். கேட்டால் என்ன சொல்வது என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் யோசித்து வைத்தேன். ஒரு நாள் முடியாது என்று சொல்வதாக இருந்தேன். மறுநாள் பெருந்தன்மையாகக் கொடுத்துவிடுவதாக இருந்தேன். கொடுக்கும்போது என்ன சொல்வது என்றுகூட வார்த்தை தயாராக இருந்தது.

அவள் கேட்கவே இல்லை. கிளம்புகிற அன்று கண்ணாடியில் விரலை வைத்து, “அக்காவப் பாத்துக்கோலே,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, மழைக்கு முன்னால் விமான நிலையம் போக வேண்டும் என்று ஓடினாள்.

கேட்காமல் போனதும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது. நான் இத்தனை நாள் எரிந்ததெல்லாம் எதற்காகவோ அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லையா?

மழை பிடித்துக்கொண்டது. நான் அறையை அவனுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். ஏசியை முன்போல விறைக்க விறைக்க வைப்பதில்லை. வெயில் தணிந்த நாட்களில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். காலையிலும் மாலையிலும் பெட்டி முழுக்க நனையும்படி தண்ணீர் தெளிக்கிறேன். ஒரு மூலையில் ஈரப்பாசி நிரப்பிய டப்பாவைக் கவிழ்த்து, நுழைய ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். பகலெல்லாம் அதற்குள்தான் அவன் வாசம். வேலையிலிருந்து வந்ததும் முதலில் குளியல், பிறகுதான் அவன் பக்கம் போவது. வால் இருந்த இடம் மூடி, தவளையின் பின்புறம்போல மொண்ணையாக ஆகிவிட்டது. தொங்கும்போது முன்பெல்லாம் வாலைச் சுற்றிக்கொள்வான். இப்போது அது இல்லாமல் தடுமாறி, பிறகு பழகிக்கொண்டான். என் கையில் இப்போது கொஞ்ச நேரம் இருக்கிறான். தூங்குவதில்லை. ஆனால் இருக்கிறான்.

அவள் போன பிறகு வந்த முதல் உரிப்பு ஒரு மழை மாலையில் நடந்தது. மேகம் கவிந்து அறை இருட்டிக் கிடந்ததில், பொழுது போய்விட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். காலையிலிருந்தே சாம்பல் பூத்துக் கிடந்தவன், பாசி டப்பாவிலிருந்து வெளியே வந்து கிளையில் நின்று வாயை அகலத் திறந்து திறந்து மூடினான். முகத்தில் தோல் விரிந்தது. சட்டையைத் தலைவழியாகக் கழற்றுகிற மாதிரி, வாயால் கவ்வி இழுத்துக் கழற்றினான். கழற்றக் கழற்றத் தின்றான். முன்னங்கால் வந்தது. ஒவ்வொரு விரலாக வாயில் வைத்து உருவினான். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விரலில் தங்கியது, எழுந்துவிட்டேன். அவனே மறுபடி கவ்வினான், வந்துவிட்டது. பின்னங்கால் விரல்கள் ஒன்றுவிடாமல் சுத்தமாக வந்தன.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. யோசித்தால், பாதி உரித்த பல்லியின் பின்னங்காலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒருத்திதான். வீடியோவில் கூப்பிட்டேன். அவள் அலுவலகத்தில் மாடிப்படியில் நின்றிருந்தாள்.

“சத்தம் போடாம பாரு,” என்று போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“ஏக்கா! முழுசா வந்துட்டா? வெரலு? அந்த வெரலைக் காட்டு. ஐயோ, எஞ்செல்லம்!” என்று அவள் கத்தினாள்.

அவன் வாயில் தோலைக் கவ்வியபடியே நின்றான். பிறகு தலையை மெல்லத் திருப்பி, குரல் வந்த பக்கம் பார்த்து, நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“என்னைத் தெரியுதுக்கா அவனுக்கு!” என்றாள் தங்கை.

“நெட் சரியில்ல, ஒண்ணும் கேக்கலை,” என்று சொல்லி, போனில் சத்தத்தைக் குறைத்தேன். அவள் முகத்தை மட்டும் அணைக்கவில்லை. அவன் உரித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.